மழையிலும் மூடுபனியிலும் பறவைப் படம்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மலையகத்தில் வெயில் வரட்டும் என்று காத்திருந்து பறவைப் படம் எடுப்பதென்றால், கமெரா வருடத்தில் பாதி நாள் அலுமாரிக்குள்தான் கிடக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் பாதி என்பதே குறைவு என்பார்கள். பறவைகளோ மழைக்கு லீவு போடுவதில்லை. தூறலில் வழக்கம்போல இரை தேடும். அடைமழையில் ஏதாவது இலைக்கடியில் ஒரே கொப்பில் குந்தியிருக்கும். மழை விட்டதும் வெளியே வந்து, தெரிகிற இடத்தில் உட்கார்ந்து, சிறகை உலர்த்தும். அடைமழையிலும் மழை விட்ட பிறகும் பறவை அதிகம் அசையாது என்பதைக் கவனியுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எடுப்பவருக்கு வேறென்ன வேண்டும்? விலையுயர்ந்த லென்ஸ் இல்லாதவர் இருட்டோடு மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை. பறவை அசையாமல் இருக்கும் அந்த ஒரு நொடியைத் தேடிப் போவதுதான் வழி. கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

உங்களிடம் பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 55-250 அல்லது 70-300 மில்லிமீற்றர் லென்ஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெரிய ஸூம் கொண்ட சிறிய கமெரா வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் அதன் சென்சர் (வெளிச்சத்தைப் பிடிக்கும் தகடு) மிகச் சிறியது என்பதால், விடியற்காலைக் காட்டுக்குள் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். தேயிலை மலை, தோட்டத்து வீதி போன்ற திறந்த இடங்களே அதற்குச் சரி.

எப்போது போவது

மலையகத்தில் மழை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை எல்லாம் அப்போது விடாத தூறலும் சாம்பல் வானமும்தான். அதே நாட்களில் மலையைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இறங்கினால் காற்றும் வெயிலுமாக இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் இது தலைகீழாகும். பதுளைப் பக்கம் நனையும். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளுத்திருக்கும், பகலுக்குப் பிறகு இடியோடு கொட்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஒக்டோபர், நவம்பர் மாதங்களைத்தான். காலையில் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். மாலை மழை அநேகமாகச் சொல்லிவைத்த மாதிரி வந்து போகும். அதோடு வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் வந்து சேர்கின்றன. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் ஓடைக்கரையோர மர நிழலில் ஆறுமணிக்குருவியையும், இமயமலையிலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியையும், காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிகிறார்கள். நமக்கு அது நகரப் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஓடைக்கரையின் வாடையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் என்று பார்த்தால் இரண்டு. ஒன்று விடியல். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருட்டும் வெளிச்சமும் சீக்கிரம் கைமாறும். சூரியன் எழுவதற்கு முந்தைய மங்கல் வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் நிற்கும். ஆகவே 6 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவதில் பயனில்லை, 6 மணிக்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும். மற்றது, மழை விட்ட முதல் அரைமணி நேரம். என்னைக் கேட்டால் விடியலைவிட இதுதான் மேல். நித்திரையையும் கெடுக்காது.

இந்த அரைமணியில் நடப்பதைப் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு பெயார்ஸ் மரமோ கொய்யா மரமோ இருந்தால் போதும். மழை நின்று, இலையில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வரும். ஒன்று ஈர இலையின் மேல் மார்பைத் தேய்த்துச் சறுக்கும், சிறகைப் படபடவென்று அடிக்கும், பிறகு பக்கத்துக் கொப்புக்குத் தாவி உடம்பை உதறும். உதறி முடித்ததும் பஞ்சுபோல ஊதிக்கொண்டு ஒரு மூச்சு நேரம் அப்படியே நிற்கும். அப்புறம்தான் அலகால் சிறகைக் கோதத் தொடங்கும். அந்த ஒரு மூச்சு நேரம்தான் உங்களுடையது. சின்னான், தேன்சிட்டு என்று குளிக்கும் பறவை எதைப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான்: குளிப்பு, உதறல், நிற்பு, கோதல். இதைச் சில மாலைகள் கமெரா இல்லாமல் பார்த்துப் பழகுங்கள். விரல் எப்போது அழுத்த வேண்டும் என்பது தானாக வந்துவிடும்.

கமெராவுக்குப் படங்கு

கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டாமல் மழையில் மலைக்கு ஏறுவதில்லை. கமெராவுக்கும் அப்படி ஒன்று வேண்டும். காசு கொடுத்து வாங்கும் உறை நல்லதுதான். இல்லாவிட்டால் தடித்த சொப்பிங் பேக் ஒன்று போதும். அடிப்பக்கத்தில் லென்ஸின் ஹூட் (முன்னால் மாட்டும் மறைப்புக் குழல்) அளவுக்கு ஓட்டை வெட்டி, ஹூட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே தள்ளி இறப்பர் பான்டால் இறுக்குங்கள். பையின் திறந்த வாய் பின்பக்கம் உங்கள் முகத்தை நோக்கி இருக்கட்டும். கை இரண்டும் அதன் வழியாக உள்ளே போகும். கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு இன்னொரு சின்ன ஓட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பொலித்தீன் வழியாகப் பார்த்தால் ஃபோகஸ் ஆனதா என்று தெரியாது.

ஒரு விஷயம். ஹோட்டன் சமவெளியின் வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், அது நல்ல சட்டம். அங்கே போகும் நாளில் துணியில் தைத்த உறையோ, பழைய மழைக்கோட்டின் கையை வெட்டிச் செய்த உறையோ கொண்டுபோங்கள். மழைக்கோட்டின் கை ஒரு 70-300 லென்ஸுக்கு அளந்து தைத்த மாதிரி இருக்கும்.

ஹூட்டைக் கழற்றவே வேண்டாம். லென்ஸின் முன்கண்ணாடியில் துளி படாமல் காப்பது அதுதான். நடக்கும்போது கமெராவை லென்ஸ் நிலத்தைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். துளி பட்டுவிட்டால் சேர்ட் நுனியால் தேய்க்காதீர்கள். முதலில் ஊதும் பந்தால் ஊதுங்கள், மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள், கடைசியில்தான் மெதுவாகத் துடைப்பது. துணி இரண்டு, மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில். ஒன்று நனைந்தால் அதற்குப் பிறகு அது துடைக்காது, பூசும். லென்ஸின் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் என்ற கண்ணாடி பற்றிப் பெரிய வாதம் உண்டு. நல்ல வெளிச்சத்தில் அது தேவையில்லை என்பதே என் கட்சி. மழையில் மட்டும் போடுங்கள், பயமில்லாமல் துடைக்கலாம்.

மழையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். மெமரி கார்டின் மூடி, பற்றரியின் மூடி இரண்டையும் கூரைக்கடியில் நின்றே திறவுங்கள். ‘மழை தாங்கும்’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், கமெராவும் லென்ஸும் இரண்டுமே அப்படிப்பட்டவையாக இருந்தால்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். ஸூம் பண்ணும்போது வெளியே நீளும் லென்ஸ், திரும்ப உள்ளே இழுக்கும்போது ஈரக் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆகவே நீட்டிய குழாயை ஒரு தடவை துடைத்துவிட்டுச் சுருக்குங்கள். ஒரு சின்னத் துவாய் கழுத்தில் கிடந்தால் இதற்கெல்லாம் உதவும்.

கமெராவில் என்ன வைப்பது

இதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நனைந்த விரலோடு மெனுவுக்குள் போனால் பறவை போய்விடும்.

முதலில் ஜேபெக்கை விட்டு, சென்சர் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலுக்கு மாறுங்கள். மங்கல் வெளிச்சத்தில் நிறமும் நிழலும் சரியாக வராது. பிறகு திருத்துவதற்கு ரா தரும் இடம் ஜேபெக்கில் இல்லை. மர நிழலில் எல்லாம் பச்சையடிக்கும், மூடுபனியில் எல்லாம் நீலமடிக்கும். ராவில் இவை இரண்டும் ஒரு இழுப்பில் சரியாகும்.

அடுத்தது அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளை. உங்கள் லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்குமோ அவ்வளவு திறந்துவிடுங்கள். முழு நீளத்தில் பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3 இருக்கும். எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவருக்கு 5.6ஐப் போல இரண்டு மடங்கு வெளிச்சம் வரும். அதற்கு விலையும் அப்படித்தான் ஏறும், அதை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

மூன்றாவது ஷட்டர் வேகம், அதாவது சென்சரில் வெளிச்சம் விழும் நேரம். முழுக் கட்டுரையிலும் முக்கியமான இடம் இது. புத்தகக் கணக்கு ஒன்று உண்டு: லென்ஸின் குவிய நீளம் (அதன் மில்லிமீற்றர் எண்) எவ்வளவோ அதற்கு ஒன்றின் கீழ் வரும் வேகம். 300 மில்லிமீற்றருக்கு 1/300 செக்கன். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவுச் சென்சரென்றால் அதை 1.5 அல்லது 1.6ஆல் பெருக்க வேண்டும், அதாவது 1/500 அளவில். பழகியவர்கள் வெயிலில் 1/1000, 1/2000 என்று வைப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு மழைநாளில் ஹக்கல பூங்காவின் மர நிழலுக்குள் 1/1000 வைத்தால் படம் கறுப்பாகத்தான் வரும்.

அந்தக் கணக்கு கை ஆடுவதைப் பற்றியது. நடுக்கம் தணிக்கும் வசதி லென்ஸில் இருந்தால், அல்லது கமெராவை ஒன்றில் சாய்த்து வைத்தால், கை ஆட்டம் போய்விடும். மிச்சமிருப்பது பறவையின் ஆட்டம் மட்டும். அது நிற்கும்போது 1/125 போதும். நன்றாகச் சாய்த்து வைத்திருந்தால் 1/60கூட எடுக்கலாம், ஆனால் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். தொடர்ந்து எட்டு, பத்துப் படம் அடியுங்கள், அதில் ஒன்றிரண்டு கூர்மையாக விழும். முதல் படத்தில் நீங்கள் அழுத்திய அதிர்ச்சி இருக்கும். நடுவில் உள்ளவைதான் பெரும்பாலும் தேறும். தத்தித் தத்தி இரை தேடும் சின்னக் குருவிக்கு 1/500 வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1600க்குக் குறைவாக நினைக்காதீர்கள். அதற்கு மழை இருட்டில் வெளிச்சம் காணாது, விட்டுவிடுங்கள்.

நான்காவது ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த வெளிச்சத்தைக் கமெரா எவ்வளவு ஏற்றிக் காட்டும் என்ற அளவு. புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். 800க்கு மேல் போனால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். வரும்தான். ஆனால் புள்ளியைப் பிறகு கணினியில் தணிக்கலாம், ஆடிய படத்தை யாராலும் நிமிர்த்த முடியாது. கடந்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வந்த கமெராக்களில் 3200 தாராளமாகப் பாவிக்கலாம், தேவைப்பட்டால் 6400. இன்னொன்று: ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்துக் கறுப்பாக எடுத்துவிட்டு, வீட்டில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பதில் இலாபம் எதுவுமில்லை. கறுப்பான படத்தை ஏற்றும்போதுதான் புள்ளி மோசமாகக் கிளம்பும். 6400இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம், 1600இல் கறுப்பாக எடுத்து ஏற்றிய படத்தைவிடப் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

இவற்றைச் சேர்த்து வைக்க எளிய வழி, மெனுவல் முறையில் அபர்ச்சரையும் ஷட்டரையும் நீங்கள் வைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஓட்டோவில் விடுவது. உச்ச வரம்பாக 6400 கொடுங்கள். ஒரு அளவுக்குச் சொன்னால், மழை மூடிய பகலில் தேயிலை மலையில் எஃப் 5.6, 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ 1600ஐ ஒட்டி வரும். அதே நேரம் அடர்ந்த மரத்துக்கடியில் 1/125க்கு இறங்கினாலும் 3200 கேட்கும். திறந்த இடத்துக்கும் காட்டுக்கும் இடையில் மூன்று படி வித்தியாசம் (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) இருக்கிறது என்பதைக் கண் சொல்லாது, கமெரா சொல்லும்.

சாய்த்து வைப்பது

ட்ரைபொட் மழையில் ஈரச் சேற்றில் தோதுப்படாது, தூக்கிக்கொண்டு மலை ஏறவும் பாரம். ஒற்றைக்கால் மொனோபொட் நல்லது. அதுவும் இல்லையென்றால் ஒரு துணிப்பைக்குள் பயறு நிரப்பிக் கட்டிக்கொள்ளுங்கள். மதில், வேலித் தூண், ஓட்டோவின் கதவு விளிம்பு எதிலும் வைத்து லென்ஸை அதில் அமிழ்த்தலாம். நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரப்பட்ட பயறு இரண்டு நாளில் முளைத்துவிடும். மழைக்கு மணிமணியான பிளாஸ்டிக் துகள் நிரப்புவது புத்தி. எதுவும் கையில் இல்லாவிட்டால் சவுக்கு மரத்தில் தோளைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பாதி மூச்சு விட்டு அழுத்துங்கள். பழைய லென்ஸ்களில், ட்ரைபொட்டில் வைத்ததும் நடுக்கம் தணிக்கும் பொத்தானை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே படத்தை ஆட்டும்.

எங்கே நிற்பது

மழையில் பறவையைத் துரத்திக்கொண்டு நடக்காதீர்கள். கூரை ஒன்றைத் தேடி அதற்கடியில் நில்லுங்கள், பறவை வரட்டும். தோட்டத்துப் பஸ் தரிப்பிடம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பூங்காவின் மண்டபம், பாதையோரம் ஒதுக்கி நிறுத்திய வாகனம் எல்லாம் நல்ல மறைவிடங்கள். வாகனத்துக்குள் இருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

வீதியோரமாகக் காட்டுக்கோழி வரும் இடங்களில் மழைக்குப் பிறகு அது ஈரப் புல்லைவிட்டுக் காய்ந்த தார்ப்பாதைக்கு ஏறும். நம் நாட்டின் தேசியப் பறவை. சேவலின் செம்மஞ்சள் உடம்பு மப்பு வெளிச்சத்தில்தான் உண்மையான நிறத்தில் வரும், வெயிலில் அது பளபளத்து வெளிறிவிடும். பாம்புப் பருந்தும் இப்படித்தான். மழை விட்டதும் மொட்டைக் கொப்பில் ஏறி, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நெடுநேரம் இருக்கும்.

புதியவருக்கு நான் சிபாரிசு செய்யும் பறவை, இலங்கையில் மட்டுமே உள்ள மங்கல் நீல ஈப்பிடிப்பான். ஹக்கல, ஹோட்டன் சமவெளி, நுவரெலியாவைச் சுற்றியுள்ள காட்டோரம் எங்கும் இருக்கும். ஆளைக் கண்டு அவ்வளவாக வெருளாது. தாழ்ந்த கொப்பில் உட்காரும், பறந்துபோய்ப் பூச்சியைப் பிடிக்கும், பெரும்பாலும் அதே கொப்புக்கோ பக்கத்துக்கோ திரும்பி வரும். ஆகவே பறவை போனதும் கமெராவை இறக்காதீர்கள். அந்தக் கொப்பிலேயே ஃபோகஸை வைத்துக்கொண்டு காத்திருங்கள். புதரின் அடியில் ஒளிந்து திரியும் பறவைகளை முதல் வருடம் விட்டுவிடலாம்.

தோட்டத்துக்குள் போவதென்றால் காவல்காரரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். “தம்பி, இந்த மழையில என்னத்தப் படம் புடிக்கப் போறீங்க?” என்று கேட்பார்கள். சொன்னால், எந்தச் சவுக்கில் ஆந்தை பகலில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள். தினமும் அந்த மலையில் ஏறி இறங்குகிற கொழுந்துக்காரப் பெண்களைவிட நல்ல வழிகாட்டி காசுக்குக் கிடைக்கமாட்டார்.

மூடுபனியில் கமெரா ஏமாறும் விதம்

கமெராவின் கணக்கு எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை மூடுபனி அதற்குப் பிடிக்காது, இருட்டாக்கிவிடும். எனவே மூடுபனிப் பின்னணியில் கமெராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் கொம்பன்சேஷன்) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். வெறும் வெள்ளை வானத்தை முதுகில் வைத்து உயரக் கொப்பில் இருக்கும் பறவைக்கு +1.5, +2 வரை போகலாம். இல்லாவிட்டால் பறவை நிழலுருவாகிவிடும். கரும்பச்சைக் காட்டின் முன்னால் வெளிறிய பறவை இருந்தால் நேர் எதிராக −0.7க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் அதன் வெள்ளை விவரமின்றி வெந்துபோகும். எடுத்த படத்தைத் திரையில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். மங்கலான இடத்தில் திரை எப்போதும் வெளிச்சமாகத்தான் தெரியும். வெளிச்ச வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள், மேடு இடது ஓரத்தில் ஒட்டிக் கிடந்தால் இன்னும் ஏற்ற வேண்டும்.

தூரத்துப் பறவையை மூடுபனியில் எடுக்க முயற்சிப்பது வீண். நடுவில் உள்ள ஒவ்வொரு மீற்றர் பனியும் நிறத்தைத் தின்னும். ஒன்று கிட்டப் போங்கள், அல்லது பறவையைச் சின்னதாக வைத்து, மரத்தையும் பனியையும் சேர்த்துப் படமாக்குங்கள். இரண்டாவது வகைப் படம் நம்மூரில் எடுத்தது என்று பார்த்தவுடனே தெரியும். முகத்தை நெருங்கி எடுத்த படம் எங்கேயும் எடுத்திருக்கலாம்.

ஃபோகஸ்

மங்கலில் ஓட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் திணறும். நடுவிலுள்ள ஒற்றைப் புள்ளியை மட்டும் பாவியுங்கள். பெரும்பாலான கமெராக்களில் அதுதான் பலமானது. அது தேடுவது வெளிச்ச வேறுபாடு உள்ள விளிம்பை. மஞ்சட்காதுச் சின்னானின் முகத்தில் கறுப்பும் வெள்ளையும் தொடும் கோட்டில் வைத்தால் உடனே பிடிக்கும், அதன் மங்கிய பச்சை முதுகில் வைத்தால் தேடிக்கொண்டே இருக்கும். ஈப்பிடிப்பானுக்குக் கண்ணையும் அலகின் அடியையும் சேரும் கறுப்பு இடம். பெரிய லென்ஸ்களில் தூர வரம்புப் பொத்தான் இருந்தால் கிட்டத்து எல்லையை வெட்டிவிடுங்கள், முன்னால் விழும் துளிகளிலும் இலைகளிலும் போய் ஒட்டாது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் புதிய கமெராக்கள் இருட்டிலும் நன்றாகவே செய்கின்றன, ஆனால் அடைமழையில் அவையும் தடுமாறும்.

மழை தெரிய வேண்டுமென்றால்

பெய்கிற மழை படத்தில் தெரியாமல் போவதுண்டு. வெள்ளைப் பின்னணியில் துளி தெரியாது. கரும்பச்சைக் காடோ, நிழல் விழுந்த பாறையோ பின்னால் இருக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ எதிரிலிருந்தோ வந்தால் இன்னும் நல்லது. பெரிய துளி செக்கனுக்கு 8, 9 மீற்றர் வேகத்தில் விழுகிறது. 1/125 செக்கனில் அது ஏழு சென்ரிமீற்றர் ஓடிவிடும், ஆகவே கோடாகத் தெரியும். 1/1000இல் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு; துளி துளியாக நிற்கும். கோடு வேண்டுமா துளி வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். கோடு இழுக்கும் மெதுவான வேகம் நமக்கு வெளிச்சத்தையும் தருவதால், எனக்கு எப்போதும் கோடுதான்.

உயிருக்கு முதலிடம்

மழைக்காலத்தில் மலையில் பறவையைவிடப் பெரிய விஷயங்கள் உண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுகிறது. உங்கள் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே சரிவுக்கடியில் நிற்கப் போகாதீர்கள். இடி கேட்டால் மொட்டை மலையிலிருந்து இறங்குங்கள், இரும்பு ட்ரைபொட்டைத் தோளில் சுமந்துகொண்டு நிற்காதீர்கள். குளவிக் கூடு உள்ள மரத்தைத் தோட்டத்து ஆட்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலையகத்தில் புதிதல்ல. காட்டோரத் தோட்டங்களில் சிறுத்தை உண்டு. விடியலிலும் அந்தியிலும் தனியாகப் புதருக்குள் குனிந்து உட்கார வேண்டாம், நிமிர்ந்து நின்றே எடுங்கள். அட்டைக்குக் காலுறையின் வெளிப்பக்கத்தில் சவர்க்காரத்தை உலர்ந்தபடியே தேய்த்துவிட்டால் ஓரளவு தாங்கும்.

செய்யக்கூடாதவை

இருட்டாக இருக்கிறதே என்று ஃப்ளாஷ் அடிக்கத் தோன்றும். ஆந்தைக்கும் கூட்டிலிருக்கும் பறவைக்கும் வேண்டவே வேண்டாம். தொலைபேசியில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கும் பழக்கம் இன்னும் மோசம். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வருகிறது. மழை நாளில் அந்த நேரம் அதற்குச் சாப்பாட்டு நேரம். பட்டிப்பொல வாசலால் ஹோட்டன் சமவெளிக்குள் போகும் வழியில் அரெங்கா குளத்தடியில், அழியும் ஆபத்திலுள்ள இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவிக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். விடியலிலும் அந்தியிலும், மங்கல் வெளிச்சத்தில்தான் அது அதிகம் வெளியே வரும். அங்கே பாதையோரம் நின்று, வருவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். படம் கிடைத்தால் கிடைக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நேரே அடுப்படிக்குள் கமெராவைக் கொண்டுபோய்ப் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் சூடான ஈரக் காற்று பட்டால் உள்ளேயும் வெளியேயும் வியர்க்கும். நுவரெலியாக் குளிரிலிருந்து கண்டிக்கு இறங்கும்போதும் இதுவே நடக்கும். பையை மூடியபடியே ஒரு மணித்தியாலம் வையுங்கள், கமெரா அறைச் சூட்டுக்கு வரட்டும். மெமரி கார்டை மட்டும் குளிரிலேயே வெளியே எடுத்துவிட்டால் பொறுமை இழக்காமல் இருக்கலாம்.

அப்புறம் வெளிப்பக்கத்தைத் துவாயால் ஒற்றி, ஸூமை நீட்டி, உறை போடாமல் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், தலைமயிர் உலர்த்தும் கருவியும் வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தால் மாத்தூள் உள்ளே போவதுதான் மிச்சம்.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சணம் வலை விரிக்கும். மலையகத்து வீட்டில் அலுமாரியும் தோல்பையும் அதற்கு மெத்தை போட்டுக் கொடுப்பவை. காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி இருந்தால் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் போட்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல நிற ஜெல்லில் கோபோல்ட் சேர்ந்திருக்கும், அதனால் அந்தத் தாச்சியைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்.

படத்தைத் திருத்தும்போது முதலில் வெள்ளைச் சமநிலை, பிறகு வெளிச்சம், அதன் பிறகு புள்ளி தணித்தல் என்ற ஒழுங்கில் போங்கள். புள்ளியை முழுக்கத் துடைத்தால் இறகும் மெழுகாகிவிடும், கொஞ்சம் இருக்கட்டும். மூடுபனியை நீக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன், பனிக்காகத்தானே போனோம் என்று யோசியுங்கள். இணையத்தில் போடும்போது ஆந்தை, கூடு, சீழ்க்கைப் பூங்குருவி என்றால் இடத்தின் பெயரை எழுதாதீர்கள், படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிடுங்கள். ‘மலையகம்’ என்று போட்டால் போதும்.